ஒரே எழுத்தில் தொடங்கும் கிளைகள்: தரவுத்தளக் கணக்குகளை ஏபிஐ வழியாக நிர்வகித்ததில் நேர்ந்த ஒரு பிழை

பின்னணி

மருந்துக் கடைகளுக்கு பில், சரக்கு இருப்பு, காலாவதித் தேதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றைக் கோவையில் ஒரு சிறு நிறுவனம் நடத்தி வந்தது. நான் அங்கே சர்வர் பக்க வேலை பார்த்தேன். நிறுவனம், கடை, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. கடையின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘கடைப்பெயர்’ என்றே எழுதியிருக்கிறேன். எழுத்துக் கணக்கு மட்டும் உண்மைப் பெயரோடு ஒத்துப்போகும். அது ஏன் முக்கியம் என்பது போகப்போகத் தெரியும்.

தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் (PostgreSQL) என்ற மென்பொருள், 14ஆம் பதிப்பு. எல்லாக் கடைகளும் ஒரே சர்வரில் இருந்தன. ஒவ்வொரு கிளைக்கும் தனி ஸ்கீமா (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளை வைக்கும் தனி அறை மாதிரி), தனிக் கணக்கு. பில் போடும் செயலி தரவுத்தளத்தை நேரடியாகத் தொடாது. ஆனால் அன்றாட விற்பனையையும் இருப்பையும் கடைக்காரர் பார்க்க ஒரு சின்ன அறிக்கை நிரல் கொடுத்திருந்தோம். அது கிளையின் கணக்குப் பெயர், கடவுச்சொல்லோடு நேராக இணையும். காலையில் கணினியைப் போட்டால் ஒரு இணைப்பைத் திறக்கும். இரவு கடை சாத்தும்வரை அதையே வைத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்குகளை யாரும் கையால் உருவாக்குவதில்லை. அலுவலகத்தில் ஒருவர் படிவம் நிரப்புவார். பின்னாலிருக்கும் பைத்தான் ஏபிஐ (படிவத்தின் கோரிக்கையைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோகும் நிரல்) மூன்று வேலை செய்யும்: கணக்கு உருவாக்கும், கடவுச்சொல் மாற்றும், கணக்கை நிறுத்தும்.

முதல் இரண்டும் உள்ளுக்குள் ஒரே வேலையாகத்தான் இருந்தன. போஸ்ட்கிரஸில் ‘கிரியேட் யூசர்’ கட்டளைக்கு, ‘இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு’ என்று சொல்லும் வசதி கிடையாது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் உண்டு. அதனால் நான் இப்படி எழுதியிருந்தேன்: முதலில் உருவாக்கிப் பார், ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று 42710 பிழை வந்தால், ‘ஆல்டர் யூசர்’ போட்டுக் கடவுச்சொல்லை மட்டும் மாற்று. படிவத்தில் யாராவது பட்டனை இரண்டு தடவை அழுத்தினாலும் எதுவும் உடையாது. கடவுச்சொல் மாற்றும் பட்டனும் இதையே கூப்பிடலாம், தனியாக எழுத வேண்டியதில்லை. நிரலைச் சரிபார்த்தவர் ‘நல்ல யோசனை’ என்று குறிப்பு எழுதினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கணக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? படிவத்தில் தட்டிய கடைப் பெயரிலிருந்து. இடைவெளிகளை அடிக்கோடாக மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை. தமிழில் தட்டினால் தமிழிலேயே கணக்கு உருவாகும். ‘கடைப்பெயர் மருந்தகம், காந்திபுரம்’ என்று எழுதினால் ‘கடைப்பெயர்_மருந்தகம்,_காந்திபுரம்’. போஸ்ட்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது.

முதலில் தெரிந்தது

பல கிளைகள் உள்ள ஒரு வாடிக்கையாளர் புதிதாகக் கணபதியில் கடை திறந்தார். கணக்கு உருவாக்கினோம், அறிக்கை நிரல் ஓடியது. மறுநாள் காலை காந்திபுரம் கிளையிலிருந்து போன் வந்தது: கடவுச்சொல் தவறு என்று வருகிறதாம். யாராவது அமைப்புக் கோப்பில் கைவைத்திருப்பார்கள் என்று நினைத்து, உதவிப் பிரிவில் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலை கணபதியில் அதே புகார். அங்கேயும் மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு திரும்பவும் காந்திபுரம்.

நாங்கள் இதைக் கொஞ்ச நாள் கண்டுகொள்ளவில்லை. புகார் எப்போதும் காலையில்தான் வந்தது, எப்போதும் ஒரு கடையிலிருந்துதான் வந்தது, கடவுச்சொல்லை மாற்றினால் தீர்ந்தது. நெட்வொர்க், கடைப்பையன், கணினியில் வைரஸ் என்று எங்களிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்காமல் போனதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. போஸ்ட்கிரஸில் கடவுச்சொல்லை மாற்றினால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. கடவுச்சொல் இணையும் நேரத்தில் மட்டுமே கேட்கப்படுகிறது. கணபதிக்குக் கணக்கு உருவாக்கியபோது காந்திபுரத்தின் இணைப்பு உயிரோடுதான் இருந்தது. அன்று இரவுவரை அறிக்கை ஓடியது. மறுநாள் கணினியைப் போட்டபோதுதான் அடி விழுந்தது. நடுவில் ஒரு இரவு இருந்ததால், முதல் நாள் செய்ததோடு இதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் உதவிப் பிரிவில் இருந்த ஒரு பெண். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர். எந்தக் கடை, எப்போது அழைத்தது, என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார். டிக்கெட் மென்பொருள் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று சிலர் கேட்டதும் உண்டு. ஒரு நாள் அந்த நோட்டோடு என் மேசைக்கு வந்தார்.

“அண்ணா, ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற ஊருக்குத்தானுங்க இது வருது.”

நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதியிருந்தார்: காந்திபுரம், கணபதி. சிங்காநல்லூர், சரவணம்பட்டி. பீளமேடு, போத்தனூர். அதே வாடிக்கையாளரின் உக்கடம், வடவள்ளி கிளைகளில் ஒரு புகாரும் இல்லை. நான் சிரித்தேன். ‘கா’வும் ‘க’வும் வேறு எழுத்து, ‘பீ’யும் ‘போ’வும் வேறு எழுத்து என்றேன். “அது எனக்கும் தெரியுமுங்க, இருந்தாலும் பாருங்க” என்றார்.

லாகில் கிடைத்த இரண்டு விஷயங்கள்

சர்வரின் பிழை லாகை, அதாவது பிழைகள் பதிவாகும் கோப்பை, திறந்து ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்ற பிழையைத் தேடினேன். இருந்தது, நிறைய இருந்தது. ஆனால் அதில் இருந்த கணக்குப் பெயர் ‘கடைப்பெயர்_மருந்தகம்,_காந்திபுரம்’ அல்ல, ‘கடைப்பெயர்_மருந்தகம்,_கணபதி’யும் அல்ல. இப்படி இருந்தது:

கடைப்பெயர்_மருந்தகம்,_க

அவ்வளவுதான். பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

போஸ்ட்கிரஸில் எந்தப் பெயரும், அட்டவணையாக இருந்தாலும் பயனராக இருந்தாலும், 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் பிழை வராது. மிச்சத்தை வெட்டிவிட்டு வேலையைத் தொடரும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 63 தாராளம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. ‘ம்’ என்ற ஒரே எழுத்துக்கு ஆறு பைட் செலவாகிறது. ‘கடைப்பெயர்’ 10 குறியீடு, ‘மருந்தகம்’ 9 குறியீடு. 19ஐ மூன்றால் பெருக்கினால் 57. இரண்டு அடிக்கோடும் ஒரு கால்புள்ளியும் சேர்ந்தால் 60. மிச்சம் மூன்று பைட், அதாவது கிளைப் பெயரின் முதல் குறியீடு ஒன்றுக்கு மட்டும் இடம். ‘காந்திபுரம்’ எழுதினாலும் ‘கணபதி’ எழுதினாலும் முதல் குறியீடு ‘க’. ‘போத்தனூர்’ என்பதைப் பார்க்கும்போது கொம்பு முன்னால் நின்றாலும், சேமிப்பில் ‘ப’தான் முதலில் வரும். நோட்டில் இருந்த ஜோடிகள் அத்தனையும் சரி. நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

ஆக இரண்டு கிளைக்கும் தரவுத்தளத்தில் இருந்தது ஒரே கணக்கு. கணபதிக்கு உருவாக்கப் போனபோது ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சர்வர் உண்மையைச் சொன்னது. என் நிரல் அதைக் கேட்டுவிட்டு, காந்திபுரத்தின் கடவுச்சொல்லை மாற்றியது. வெட்டியதைச் சர்வர் சொல்லவே இல்லையா என்றால், சொன்னது. பெயர் வெட்டப்படும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டீஸ் அனுப்பும். வழக்கமான அமைப்பில் சர்வர் லாகில் நோட்டீஸ் எழுதப்படுவதில்லை. இணைந்திருக்கும் நிரலுக்கு மட்டும் போகும். பைத்தானைப் போஸ்ட்கிரஸோடு இணைக்க நாங்கள் பயன்படுத்திய சைகோபிஜி 2 என்ற நூலகம், அவற்றை இணைப்பின் ஒரு பட்டியலில் சேர்த்து வைக்கும். அந்தப் பட்டியலை எங்கள் நிரல் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை.

இங்கே இரண்டு தற்செயல்களைச் சொல்ல வேண்டும். கட்டளையில் வரும் பெயரைப் போஸ்ட்கிரஸ் குறியீட்டின் எல்லை பார்த்து வெட்டும். ஆனால் இணையும்போது கொடுக்கும் பயனர் பெயரை, எங்கள் பதிப்பில், 63ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியது. இந்த வாடிக்கையாளரின் பெயரில் இரண்டு வெட்டும் சரியாக ஒரே இடத்தில் விழுந்தன. அந்தக் கால்புள்ளி இல்லாதிருந்தால் உள்ளே ‘க’வோடு நிற்கும் பெயரும், இணையும்போது அடுத்த குறியீட்டின் ஒரு பைட்டையும் சேர்த்து இழுத்துவரும் பெயரும் பொருந்தாமல், முதல் நாளே இணைப்பு கிடைக்காமல் போயிருக்கும்.

இரண்டாவது, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய எம்டி5 முறையில் கடவுச்சொல்லோடு பயனர் பெயரையும் சேர்த்துத்தான் ஹாஷ் (திருப்பிப் படிக்க முடியாத சுருக்கம்) எடுப்பார்கள். கடைக் கணினி நீளப் பெயரோடும் சர்வர் வெட்டிய பெயரோடும் எடுத்தால் இரண்டும் ஒத்துவராது. 13ஆம் பதிப்பில் இருந்தபோது நீளமான தமிழ்ப் பெயர்கள் இணையவில்லை என்றும், ‘தமிழ்ன்னா தகராறு’ என்று ஆங்கிலத்தில் சின்னப் பெயராக மாற்றிக் கொடுத்ததாகவும் ஒருவர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். 14இல் புதுக் கணக்குகளுக்கு ஸ்கிராம்-எஸ்ஹெச்ஏ-256 இயல்பு முறையானது. அதில் பயனர் பெயர் ஹாஷில் கலப்பதில்லை. தமிழ்ப் பெயர்கள் வேலை செய்யத் தொடங்கின, எங்களுக்குச் சந்தோஷம். பிழையை வெளிக்காட்டிக்கொண்டிருந்த ஒன்றை மேம்பாடு மூடிவிட்டது.

லாகில் கிடைத்த இரண்டாவது விஷயம் இதைவிட மோசம். ஒவ்வொரு பிழை வரிக்கும் அடியில், அந்தப் பிழையை உண்டாக்கிய கட்டளை முழுதாக எழுதப்பட்டிருந்தது. கட்டளைகளை லாகில் எழுத வேண்டாம் என்று நாங்கள் அமைத்திருந்தோம். ஆனால் அது கட்டளைகளைப் பொதுவாகப் பதிவதைப் பற்றியது. தோற்கும் கட்டளையை எழுதுவதா என்பதைத் தீர்மானிப்பது ‘லாக் மின் எரர் ஸ்டேட்மென்ட்’ என்ற வேறோர் அமைப்பு. அதன் இயல்பு நிலையே ‘எழுது’ என்பதுதான். ‘கிரியேட் யூசர்’ என்று தொடங்கிய அந்த வரிகளின் கடைசியில், ஒற்றை மேற்கோளுக்குள், கடவுச்சொல் பச்சையாக இருந்தது.

கடவுச்சொல் மாற்றும் பட்டனும் இதே வழியில்தான் போகும் என்று மேலே சொன்னேன். அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதலில் ஒரு ‘கிரியேட்’ தோற்கும், தோற்கும்போது புதுக் கடவுச்சொல் லாகில் விழும், அப்புறம் ‘ஆல்டர்’ வெல்லும். நாங்கள் மாற்றிக் கொடுத்த கடவுச்சொற்கள் அத்தனையும் லாகில் இருந்தன. அந்த லாக் பொதுவான ஓரிடத்துக்குப் போய்ச் சேரும். உதவிப் பிரிவு, சோதனைப் பிரிவு எல்லாரும் பார்க்கலாம். லாகின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்ததும் உண்டு.

எடுத்த முடிவுகள்

அன்று மதியமே நாங்கள் செய்த முதல் காரியம் தவறு. கடவுச்சொல் கசிந்துவிட்டது, உடனே மாற்று என்ற பதற்றத்தில், கசிந்த கணக்குகளைப் பட்டியல் போட்டு மாற்றத் தொடங்கினோம். எதைக் கொண்டு? அதே ஏபிஐயின் அதே பட்டனைக் கொண்டு. கால் மணி நேரம் கழித்து லாகை மறுபடி பார்த்த ஒருவர் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினார். புதுக் கடவுச்சொற்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. போதாக்குறைக்கு, ஜோடிக் கணக்குகளை இன்னும் பிரிக்கவில்லை. ஒரு கிளைக்கு மாற்றினால் மற்றது விழும்.

அதன்பின் வரிசையை மாற்றினோம். முதலில் உருவாக்கும் வழியையும் மாற்றும் வழியையும் ஏபிஐயில் அடைத்தோம். அவசரமான கிளைகளுக்கு ஒருவர் மட்டும் உட்கார்ந்து, போஸ்ட்கிரஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் முனையத்தின் ‘\பாஸ்வேர்ட்’ கட்டளையால் மாற்றினார். அது கடவுச்சொல்லை நம் பக்கத்திலேயே ஸ்கிராம் வடிவுக்கு மாற்றி, அந்த வடிவை மட்டும் சர்வருக்கு அனுப்பும். கட்டளை தோற்று லாகில் விழுந்தாலும் பச்சைக் கடவுச்சொல் விழாது.

லாகை என்ன செய்வது என்பதில் விவாதம் நடந்தது. ஏபிஐ பயன்படுத்தும் கணக்குக்கு மட்டும் பிழைக் கட்டளைகளை எழுதாமல் விடச் சொல்லி அமைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றார் ஒருவர். செய்யலாம்தான். நான் ஒப்பவில்லை. இந்தப் பிழையை நாங்கள் கண்டுபிடித்ததே அந்த வரிகளால். தவிர, பச்சைக் கடவுச்சொல் சர்வர்வரை போகிறது என்றால் அது விழக்கூடிய இடம் லாக் மட்டுமல்ல. கட்டளைப் புள்ளிவிவரம் சேர்க்கும் நீட்சியிலும் இந்த வகைக் கட்டளைகள் எழுதியபடியே தங்கும். ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பதைவிட, பச்சைக் கடவுச்சொல்லை அனுப்பாமல் இருப்பது என்று முடிவானது. பழைய லாகில் தேவையான வரிகளை மறைத்து நகலெடுத்துக்கொண்டு மற்றதை அழித்தோம். ஆனால் அழித்ததைப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை. காப்புப் பிரதிகளில் எங்கெங்கே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. லாகில் பெயர் வந்த எல்லாக் கணக்கும் கசிந்ததுதான் என்று வைத்துக்கொண்டோம்.

கணக்குப் பெயரைப் பொறுத்தவரை, 63 பைட்டைத் தாண்டினால் மறுத்துவிடு என்று ஒரு சோதனை சேர்த்தால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் நீளப் பெயர்க்காரர்கள் தமிழில் பதிய முடியாது; மறுபடியும் ‘தமிழ்ன்னா தகராறு’ என்ற இடத்துக்கே வந்து நிற்போம். கடைக்காரர் பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அப்படியே இருக்கும். எனவே கணக்குப் பெயருக்கும் கடைப் பெயருக்கும் இருந்த உறவையே அறுத்தோம். கிளையின் பதிவு எண்தான் கணக்குப் பெயர்: ஆங்கில எழுத்தில் ‘கிளை’ என்ற சொல், ஆறு இலக்க எண், கடைசியில் ஒரு எழுத்து.

அந்தக் கடைசி எழுத்துக்கு ஒரு காரணம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் 8.0.14 பதிப்பிலிருந்து ஒரு கணக்குக்குப் பழைய கடவுச்சொல்லும் புதியதும் சிறிது காலம் சேர்ந்தே செல்லும்படி வைக்கலாம். போஸ்ட்கிரஸில் அது கிடையாது. மாற்றிய நொடியில் பழையது செத்துவிடும். கடைகளோ திருப்பூர், பொள்ளாச்சி என்று பரந்து கிடந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் அமைப்புக் கோப்பை மாற்ற மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் மூன்று ரோல் (போஸ்ட்கிரஸ் கணக்கைச் சொல்லும் பெயர்) வைத்தோம். ஒன்று, உள்நுழைய முடியாத தாய் ரோல்; அனுமதிகள் எல்லாம் இதற்கு மட்டும். மற்ற இரண்டும் உள்நுழையக்கூடியவை, தாயின் உறுப்பினர்கள். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றதற்குப் புதுக் கடவுச்சொல் வைத்துக் கடைக்குக் கொடுப்போம். கடை மாறிவிட்டது என்று இணைப்புப் பட்டியலில் பார்த்த பிறகு பழையதை அடைத்து, அதன் திறந்த இணைப்புகளையும் துண்டிப்போம். துண்டிப்பதைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும். கடவுச்சொல்லுக்குக் காலாவதித் தேதி வைத்தாலும் அது கடவுச்சொல்லை மட்டுமே கட்டுப்படுத்தும். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பைத் தொடாது.

ஏபிஐக்கு இருந்த அதிகாரம்

இதைத் தோண்டும்போதுதான் ஏபிஐ எந்தக் கணக்கில் இணைகிறது என்பதைச் சரியாகப் பார்த்தோம். அதற்கு ‘கிரியேட்ரோல்’ என்ற, கணக்குகளை உருவாக்கி மாற்றும் அதிகாரம் கொடுத்திருந்தோம். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் அல்ல, அதனால் பாதுகாப்பு என்று நினைப்பு. 15ஆம் பதிப்புவரை அந்த அதிகாரம் உள்ளவர், சூப்பர்யூசர் போன்ற சிலவற்றைத் தவிர்த்த எந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றலாம். சர்வரில் நிரல்களை இயக்க அனுமதிக்கும் உள்ளமைந்த ரோலைத் தனக்கே கொடுத்துக்கொள்ளவும் முடியும். வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை, கொல்லப்பட்டறையை மட்டும் கொடுத்தோம் என்று சொல்வது போல.

அதோடு, கட்டளையைச் சரம் சேர்த்து உருவாக்கியிருந்தேன். ‘கிரியேட் யூசர்’ போன்ற கட்டளைகளில் பெயரையும் கடவுச்சொல்லையும் கட்டளையிலிருந்து பிரித்து, சர்வர் பக்க அளபுருவாக அனுப்ப முடியாது என்பதால், இரட்டை மேற்கோளுக்குள் பெயரை நேரடியாகச் செருகியிருந்தேன். கடைப் பெயரில் யாராவது ஒரு இரட்டை மேற்கோளைத் தட்டியிருந்தால், அதற்குப் பின்னால் எழுதுவது எல்லாம் கட்டளையாக ஓடும். யாரும் தட்டவில்லை என்பதை லாகிலும் பதிவேட்டிலும் பார்த்து உறுதிசெய்தோம்.

புது ஏற்பாட்டில் ஏபிஐயின் கணக்குக்கு எந்த நேரடி அதிகாரமும் இல்லை. தரவுத்தளத்துக்குள் மூன்று செயற்கூறுகள் (ஃபங்ஷன்) எழுதினோம். அவை உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் வகை. ஏபிஐயால் அவற்றை அழைக்க மட்டும் முடியும். இயல்பாக எல்லாருக்கும் கிடைக்கும் அழைக்கும் உரிமையைப் பறித்தோம், பெயர்களை எந்த ஸ்கீமாவில் தேடுவது என்ற தேடல் பாதையையும் செயற்கூறுக்குள்ளேயே நிலைப்படுத்தினோம். பெயரையும் மதிப்பையும் சேர்க்க, போஸ்ட்கிரஸின் சொந்த ‘ஃபார்மேட்’ செயற்கூறு. அதில் பெயருக்கு ஒரு குறி, மதிப்புக்கு ஒரு குறி உண்டு, மேற்கோள் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உருவாக்குவது தனி, மாற்றுவது தனி. உருவாக்கும்போது ஏற்கெனவே இருந்தால் பிழை, அத்தோடு சரி. மாற்றும்போது இல்லாவிட்டால் பிழை.

கடவுச்சொல்லை ஏபிஐயே எதேச்சையாக உருவாக்குகிறது. சைகோபிஜியில் ஏற்கெனவே இருக்கும் வசதியால் ஸ்கிராம் வடிவுக்கு மாற்றி அதை மட்டும் அனுப்புகிறது; கடைக்கு ஒரே ஒரு முறை காட்டுகிறது. இதில் ஒன்றை இழக்கிறோம்: மாற்றிய வடிவு வந்தால், கடவுச்சொல் நீளமா, எளிதா என்று சர்வரால் சோதிக்க முடியாது. கடைக்காரர் தன் போன் எண்ணை வைக்கும் வாய்ப்பு இல்லாததால் அது எங்களுக்கு நஷ்டமாகப் படவில்லை.

இன்னொரு சறுக்கலும் உண்டு. பச்சைக் கடவுச்சொல் தவறி வந்துவிட்டால் மறுக்கட்டும் என்று, மதிப்பு ‘ஸ்கிராம்’ முன்னொட்டோடு தொடங்குகிறதா என்ற சோதனையைத் தரவுத்தளச் செயற்கூறில் வைத்தேன். சோதனை சர்வரில் வேண்டுமென்றே பச்சையாக ஒன்றை அனுப்பினேன். மறுத்தது. மறுத்தது பிழை என்பதால் கட்டளை லாகில் விழுந்தது. சைகோபிஜி 2 மதிப்புகளை நம் பக்கத்திலேயே கட்டளைக்குள் சேர்த்துவிடும் என்பதால், நான் பிடிக்க நினைத்த பச்சைக் கடவுச்சொல்லும் கூடவே விழுந்தது. சோதனையை பைத்தான் பக்கம், அனுப்புவதற்கு முன் வைத்தேன்.

பின்னர் நடந்தது

ஜோடிக் கிளைகளைப் பிரிக்கும்போது, வெட்டுண்ட கணக்குக்கு இரண்டு ஸ்கீமாவிலும் அனுமதி இருந்தது உறுதியானது. உருவாக்கும்போதெல்லாம் அனுமதியும் சேர்ந்துகொண்டே போயிருந்தது. அறிக்கை நிரல் தன் ஸ்கீமாவை மட்டும் காட்டும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. விரும்பினால் கணபதியிலிருந்து காந்திபுரத்தின் விற்பனையைப் பார்த்திருக்கலாம். இரண்டும் ஒரே முதலாளியுடையவை. வெவ்வேறு முதலாளிகள் ஒரே கணக்கில் சிக்கியிருக்கிறார்களா என்று எல்லாப் பெயர்களையும் 63 பைட்டில் வெட்டி ஒப்பிட்டோம், இல்லை. அதில் எங்கள் திறமை ஒன்றும் கிடையாது. அந்த வாடிக்கையாளரிடம் நடந்ததை முழுதாகச் சொன்னோம். “பூட்டு மாத்தினதுக்குத் தேங்க்ஸ், இத்தனை நாளா ஏங்க மாத்தலை?” என்று கேட்டார். பதில் இல்லை.

பழைய கணக்குகளை அழிப்பது இழுத்தது. சில கணக்குகள் பொது ஸ்கீமாவில் அட்டவணைகளை உருவாக்கி வைத்திருந்தன. எங்கள் பதிப்பில் அது எல்லாருக்கும் திறந்தே இருக்கும், 15இல்தான் அடைத்தார்கள். பொருள் ஏதாவது சொந்தமாக இருந்தால் ரோலை அழிக்கப் போஸ்ட்கிரஸ் விடாது. ஒவ்வொரு தரவுத்தளத்துக்குள்ளும் போய் உடைமையை மாற்றி, மிச்ச அனுமதிகளை நீக்கி, பிறகுதான் அழிக்க முடிந்தது. ரோல் சர்வர் முழுமைக்கும் பொது, உடைமையோ ஒவ்வொரு தரவுத்தளத்திலும் தனித்தனி என்பதை ஒரு சனிக்கிழமை முழுக்கக் கற்றுக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து 16ஆம் பதிப்புக்குப் போனோம். அதில் ‘கிரியேட்ரோல்’ உள்ளவர், தனக்கு நிர்வாக உரிமை உள்ள ரோல்களை மட்டுமே தொட முடியும். தான் புதிதாக உருவாக்கும் ரோல்களுக்கு அந்த உரிமை தானாகக் கிடைக்கும். மேம்படுத்துவதற்கு முன்பே இருந்தவற்றுக்குக் கிடைக்காது. அதைக் கவனிக்காமல் மேம்படுத்தியதால், முதல் நாள் பழைய கிளை ஒன்றின் கடவுச்சொல்லை மாற்றப் போனபோது மறுத்தது. இந்தத் தடவை நிரல் மறுப்பை மறுப்பாகவே திரையில் காட்டியது. உரிமையைக் கொடுத்து மேலே போனோம்.

மீண்டும் செய்தால் மாற்றுவது

உருவாக்குவதையும் மாற்றுவதையும் ஒரே வழியில் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் வேர். பட்டனை இரண்டு தடவை அழுத்துவது என்ற சின்னத் தொல்லைக்காக, ‘இது வேறொருவருடையது’ என்று சொல்ல வந்த பிழையை விழுங்கினேன். இரட்டை அழுத்தலுக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலைத் திருப்பிக் கொடுப்பதே சரி. இப்போது அப்படித்தான் இருக்கிறது.

நோட்டீஸ்களைப் பிழையாகவே நடத்துகிறோம். கணக்கு சம்பந்தப்பட்ட எந்தக் கட்டளையிலும் நோட்டீஸ் ஒன்று வந்தால் ஏபிஐ வேலையை நிறுத்தி ஆளைக் கூப்பிடும். கொஞ்சம் அதிகப்படிதான், இதுவரை ஓரிரு முறை வீணாகக் கூப்பிட்டும் இருக்கிறது. யார், எப்போது, எந்தக் கணக்கைத் தொட்டார்கள் என்ற பதிவு தனி அட்டவணையில் போகிறது. அதில் கடவுச்சொல்லுக்கான பத்தியே இல்லை.

உதவிப் பிரிவில் உள்ள எல்லாரும் எந்தக் கடையின் கடவுச்சொல்லையும் மாற்றலாம் என்ற ஏற்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று பேசினோம். அது இன்னும் பாதியில் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு அழைக்கும் கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது என்பதில் முடிவு வரவில்லை.

கடைகளின் தமிழ்ப் பெயர்கள் போகவில்லை. பதிவு அட்டவணையில் முழுப் பெயராக இருக்கின்றன. ஒவ்வொரு ரோலுக்கும் குறிப்பாகவும் எழுதி வைக்கிறோம். குறிப்புக்கு 63 பைட் கணக்கு கிடையாது. நிர்வாகத் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘கடைப்பெயர் மருந்தகம், காந்திபுரம்’ என்று முழுதாகத் தெரியும். புதுப் பதிப்பு போடுவதற்கு முன் ஓடும் தானியங்கிச் சோதனைக்கு, பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டியிருந்தது. அந்த நோட்டிலிருந்த ஜோடிகளை அதே வரிசையில் தட்டிக் கொடுத்துவிட்டார் அந்தப் பெண். கடைசியில் உக்கடமும் வடவள்ளியும் இருக்கின்றன, தொல்லை தராத ஊர்களும் இருக்கட்டும் என்று.